டன்னுக்கு முப்பது கிராம்

வளர்ந்த மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். தூத்துக்குடியிலிருந்து புறப்படும் ஓர் உப்பு லாரியின் பாரம் 10 டன். இந்த இரண்டையும் ஒரே தாளில், ஒரே கணக்கில் சேர்த்து வைப்பதுதான் என் பிழைப்பு. உப்பில் அயோடின் கலக்கும் ஆலையொன்றின் ஆய்வகத்தில் கெமிஸ்டாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவன் நான்.

ஒரு டன் என்பது 1,000 கிலோ. கிராமில் சொன்னால் 10 லட்சம். மில்லிகிராமில் 100 கோடி. மைக்ரோகிராமில் ஒரு லட்சம் கோடி. இந்தக் கடைசி எண்ணை மத்திய பட்ஜெட் நாளில்தான் பெரும்பாலோர் கேட்டிருப்பார்கள். நாங்கள் அதை வேலை நாள் தோறும் கையாண்டோம். வேதியியல் பட்டம் வாங்கிப் புதிதாக வருகிற பிள்ளைகள் இந்த அட்டவணையை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். தாளில் போடச் சொன்னால் எங்காவது ஒரு சைபர் காணாமல் போகும், இல்லையென்றால் ஒன்று கூடுதலாக வந்து உட்காரும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மெட்ரிக் அளவு ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறது: மைக்ரோகிராம், மில்லிகிராம், கிராம், கிலோ, டன். நம் வாயோ ஆயிரத்தைத் தாண்டியதும் நூறு நூறாகத்தான் ஏறும்: ஆயிரம், லட்சம், கோடி. எண்ணுவது ஒரு நடை, எடை போடுவது வேறொரு நடை. இரண்டும் பிசகும் இடத்தில்தான் சைபர் நழுவுகிறது.

இதற்காக எங்கள் தலைமை கெமிஸ்ட் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். பேசும்போது லட்சம், கோடி என்று எப்படி வேண்டுமானாலும் பேசலாம். கணக்கு ஏட்டில் எழுதும்போது மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, நடுவில் இடம் விட்டு எழுத வேண்டும். இன்னொரு கட்டளையும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு படிதான் ஏறலாம், ஒரு படிதான் இறங்கலாம். மைக்ரோகிராமிலிருந்து டன்னுக்கு ஒரே தாவலாகத் தாவி, புள்ளியைப் பன்னிரண்டு இடம் நகர்த்திக் காட்டுகிறவனை அவர் மெச்சவே மாட்டார். நான்கு வரிகளில் எழுது, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அலகைப் போடு என்பார். “அலகு இல்லாத எண்ணை என் மேசைக்குக் கொண்டு வராதீங்க தம்பி” என்று அவர் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் இன்றும் இருக்கும்.

என் அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மணங்குக் கணக்கு. மணங்குக்கு 40 சேர், சேருக்கு 80 தோலா. எடை அளவுச் சட்டம் 1956-இல் வந்து, 1958 முதல் கிலோ எடைக்கற்கள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. நாற்பதாலும் எண்பதாலும் பெருக்கி வகுத்த தலைமுறைக்கு வெறும் சைபர் சேர்ப்பது பெரிய விடுதலை என்று அப்பா சொல்வார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த எளிமைக்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. மணங்கு, சேர் கணக்கில் தப்பு வந்தால் விடை பார்க்கவே கோணலாக இருக்கும். மெட்ரிக்கில் தப்பான விடையும் சரியான விடையும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும். 50.6 என்றாலும் 506 என்றாலும் இலக்கங்கள் அவைதானே.

சங்கேத எழுத்துகளிலும் இந்த ஆபத்து உண்டு. சின்ன எம் போட்டு ஜி எழுதினால் மில்லிகிராம். பெரிய எம் போட்டு ஜி எழுதினால் மெகாகிராம். மெகாகிராம் என்பது வேறொன்றுமில்லை, நம் டன்தான். ஓர் எழுத்து பெரிதாகிவிட்டால் அளவு 100 கோடி மடங்கு மாறிவிடுகிறது! சாக்கு மேல் அச்சடிப்பவர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். நான் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினேன். வீண் பிடிவாதம் என்று நினைத்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

உப்புக்கு வருகிறேன்.

அப்போதைய விதி இப்படி: ஆலையை விட்டுப் புறப்படும்போது உப்பில் அயோடின் 30 பி.பி.எம்.முக்குக் குறையக் கூடாது, சாப்பிடுகிறவர் கைக்குச் சேரும்போது 15-க்குக் குறையக் கூடாது. என் பணிக்காலம் முழுவதும் நாங்கள் பிடித்துக்கொண்டு நடந்த எண்கள் இவை. பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு இதை நான் வேறு விதமாகச் சொல்லிக்கொடுப்பேன். 30 பி.பி.எம். என்றால் ஒரு கிராம் உப்பில் 30 மைக்ரோகிராம். ஒரு கிலோவில் 30 மில்லிகிராம். ஒரு டன்னில் 30 கிராம். உப்பு ஆயிரம் மடங்கு பெருகினால் அயோடினும் ஆயிரம் மடங்கு பெருகும், இரண்டும் சேர்ந்தே படி ஏறும், முப்பது என்ற எண் மட்டும் அசையாது. சாப்பாட்டு மேசையில் இருப்பவர் கிராமையும் மைக்ரோகிராமையும் பார்க்கிறார், மளிகைக்கடைக்காரர் கிலோவையும் மில்லிகிராமையும் பார்க்கிறார், லாரிக்காரர் டன்னையும் கிராமையும் பார்க்கிறார். மூவரும் பார்ப்பது ஒரே முப்பதைத்தான். இந்த ஒன்று மனதில் இறங்கிவிட்டால் பன்னிரண்டு சைபர் எழுத வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. பள்ளிக்கூடத்தில் அலகு மாற்றும் பாடத்தை இப்படி ஜோடி ஜோடியாகச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவோ நல்லது என்று இன்றும் எண்ணுகிறேன்.

15 என்ற எண்ணின் பொருளும் அப்போது தானாகத் துலங்கும். ஒருவர் ஒரு நாளில் 10 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 15 மைக்ரோகிராம் வீதம் 150. உடலுக்கு வேண்டிய அளவு அதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி உப்பை 5 கிராமுக்குள் குறைத்துக்கொண்டவருக்கு 30 பி.பி.எம். உப்பிலிருந்து அதே 150 கிடைத்துவிடும்.

ஆனால் நாங்கள் உப்பில் போடுவது அயோடினை அல்ல, பொட்டாசியம் அயோடேட்டை. வெள்ளைத் தூள். எங்கள் ஆட்கள் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள். பொட்டாசியம் அயோடைடு என்று இன்னொன்றும் உண்டு. சில நாடுகளில் அதைப் போடுகிறார்கள். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது தாங்காது, அதிலுள்ள அயோடின் சீக்கிரம் பறந்துவிடும். அயோடேட் நிற்கும். அந்தத் தூளின் எடையில் 59.3 சதவீதம்தான் அயோடின். ஆகவே டன்னுக்கு 30 கிராம் அயோடின் வேண்டுமானால் 50.6 கிராம் அயோடேட் நிறுத்துப் போட வேண்டும். அயோடின் எடையா, அயோடேட் எடையா என்று எழுதாமல் விட்டால் உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அயோடின் குறைந்துபோகும். இது சைபர் நழுவுகிற தப்பைவிடப் பொல்லாதது. சைபர் தப்பு பெரிதாக இருக்கும், எப்படியும் கண்ணில் படும். இது படாது.

அளத்தில் உப்பு பாத்தியிலிருந்து வாரப்பட்டு, தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவிந்து, லாரியில் எங்களிடம் வரும். கழுவி, அரைத்து, ஒரு திருகுக் கடத்தியில் ஓடவிடுவோம். அது ஓடும் வழியில் மேலே குழாய் முனைகள் அயோடேட் கரைசலைப் பூவாகத் தெளிக்கும். மணிக்கு 5 டன் உப்பு ஓடுகிற கடத்தி என்று வையுங்கள். மணிக்கு வேண்டிய அயோடேட் 253 கிராம். லிட்டருக்கு 30 கிராம் வீதம் கரைத்தால் மணிக்கு 8.4 லிட்டர், நிமிடத்துக்கு 140 மில்லி. அந்த ஒரு நிமிடத்தில் கடந்து போகும் உப்பு 83 கிலோ. அதில் சேரும் அயோடின் இரண்டரை கிராம். காலையில் கடத்தியை ஓட்டுமுன் தெளிப்பு முனைகளின் நீரை ஒரு நிமிடம் அளவுக் குடுவையில் பிடித்துப் பார்ப்போம். 140 வந்தால்தான் ஓட்ட அனுமதி.

அங்கே மூட்டை தைக்கும் பெண்கள் அடிக்கடி கேட்பார்கள்: “இம்புட்டு உப்புக்கு இத்துனூண்டு மருந்து போதுமா சார்?” நியாயமான கேள்வி. அவர்களுக்கு நான் சொன்ன கணக்கு இது. ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், வருடத்துக்கு 54,750 மைக்ரோகிராம், அதாவது 55 மில்லிகிராமுக்கும் குறைவு. எழுபது வயது வரை வாழ்கிற ஒருவருக்கு ஆயுசு முழுவதற்கும் சேர்த்து 3.8 கிராம். ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. இந்த அளவு கிடைக்காமல் போனால்தான் முன்கழுத்துக் கழலை வருகிறது, வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. மொத்தமாக ஒரே நாளில் கொடுத்து முடிக்கவும் முடியாது. உடல் சேமித்து வைப்பது சொற்பம், பெரும்பாலும் தைராய்டு சுரப்பியில். அதனால்தான் தினமும் சேர வேண்டும், அதனால்தான் உப்பு.

“கடல் தண்ணியிலதானே உப்பு எடுக்கோம், அதுல இல்லாததா?” என்று கேட்டவர்களும் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் அயோடின்தான் இருக்கிறது. உப்பு பூத்து வரும்போது அதிலும் மிகச் சொற்பமே படிகத்தோடு தங்கும். வெறும் கல்லுப்பு நமக்குப் போதிய அயோடினைத் தராது. நாங்கள் போடும் அயோடேட்டுக்கு வேண்டிய அயோடினின் மூலம் பெரும்பாலும் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்துப் பாறைப் படிவு, அல்லது ஜப்பானின் நிலத்தடி உவர்நீர். அத்தனை தூரம் கடந்து வருகிற பொருள் என்பதால் கிராமுக்கும் கணக்கு உண்டு.

ஆலையில் ஒரு தடவை நடந்ததைச் சொல்ல வேண்டும். 40 டன் உப்புக்கு ஆர்டர். கொள்முதல் ஆவணம் குவிண்டாலில் இருந்தது: 400. குவிண்டால் என்பது 100 கிலோ. ஆயிரம் ஆயிரமாக ஏறும் ஏணியில் இடையில் செருகிய படி. அலுவலகத்திலிருந்து கலவைக் கொட்டகைக்குப் போன சீட்டில் 400 என்று மட்டும் இருந்தது, அலகு இல்லை. அங்கே இருந்தவர் வழக்கமான 50.6-ஐ அதோடு பெருக்கினார். விடை 20,240 கிராம். வேண்டியதோ 2,024. தொட்டிப் பொறுப்பில் இருந்த மூத்த தொழிலாளி நேராக ஆய்வகத்துக்கு வந்தார். “பத்து நாளைக்கு வர்ற மருந்த ஒரே நாள்ல போடச் சொல்லுதாங்க சார். தொட்டில கரையவும் மாட்டேங்குது.” போய்ப் பார்த்தால் 67 லிட்டர் தண்ணீரின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 100 கிராம் அயோடேட்டைத்தான் கரைக்கும். லிட்டருக்கு 300 கிராம் கொட்டினால் எங்கே கரையும்? உப்பில் ஒரு துளிகூடத் தெளிக்கவில்லை. தெளித்திருந்தால் 300 பி.பி.எம்.முக்குக் கிட்ட வந்திருக்கும். 10 கிராம் உப்பில் 3 மில்லிகிராம் அயோடின், வேண்டியதைப்போல் இருபது மடங்கு. அயோடின் மிகுந்தாலும் தைராய்டு கெடும்.

அந்தப் பெரியவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். மைக்ரோகிராமை மில்லிகிராமாக மாற்றச் சொன்னால் தெரியாது என்பார். ஆனால் 25 கிலோ டப்பா எத்தனை நாளைக்கு வரும் என்பது அவர் கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு எந்தக் கணக்கையும் நான் இரண்டு பக்கமிருந்து போட்டேன். ஒன்று தாளில். மற்றொன்று, இந்த விடை உண்மையானால் எத்தனை டப்பா காலியாகும், எத்தனை வாளி தண்ணீர் வேண்டும் என்று தொழிலாளியின் பக்கமிருந்து. இரண்டும் ஒத்து வந்தால்தான் கையெழுத்து.

எங்கள் வளாகத்தில் இரண்டு தராசுகள். வாசலில் லாரியை ஏற்றி நிறுத்தும் எடைமேடை. அதன் குறைந்தபட்ச அளவு 10 கிலோ. ஆய்வகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் பகுப்பாய்வுத் தராசு, அது 0.1 மில்லிகிராம் வரை காட்டும், பக்கத்தில் மூச்சு விட்டாலும் ஆடும். ஒன்றின் குறைந்தபட்ச அளவு மற்றதைப்போல் பத்துக் கோடி மடங்கு. எடைமேடை கண்டுகொள்ளாமல் விடுகிற அந்த 10 கிலோ அயோடினாக இருந்தால் 333 டன் உப்புக்குக் காணும். இந்த இரண்டு தராசுகளும் ஒன்றையொன்று சரிபார்க்கவே முடியாது. நடுவில் நிற்பது கணக்கு ஒன்றுதான். பெரிய எண்ணைப் பார்த்துப் பழகியவர்கள் சின்ன எண்ணை உதாசீனம் செய்வதும், சின்ன எண்ணில் ஊறியவர்கள் டன்னைக் கண்டு மிரள்வதும் இங்கேதான்.

கலந்த உப்பைச் சோதிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. 10 கிராம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் விட்டு, இருட்டில் பத்து நிமிடம் வைத்தால் மஞ்சளாக அயோடின் வெளிவரும். பியூரெட்டிலிருந்து சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் வெளுக்கும் நேரத்தில் ஸ்டார்ச் விட்டால் கருநீலம். இன்னும் சில சொட்டில் நீலம் சட்டென்று மறையும். 0.005 நார்மல் தயோசல்பேட்டில் ஒரு மில்லி, 0.1058 மில்லிகிராம் அயோடினுக்குச் சமம். 10 கிராம் உப்பு என்பதால், பியூரெட் காட்டுவதை 10.58-ஆல் பெருக்கினால் பி.பி.எம். 2.84 மில்லியில் நீலம் மறைந்தால் சரியாக 30. 1.42-இலேயே மறைந்தால் 15. ஒரு சொட்டின் வித்தியாசம் அரை பி.பி.எம்.; 10 டன் லாரியில் அது 5 கிராம் அயோடின்.

இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 டன்னில் 10 கிராம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பிடியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சின்ன உற்பத்தியாளர்கள் சிலர் அம்பாரத்தின் மேல் கைத்தெளிப்பானால் அடித்து மண்வெட்டியால் புரட்டிய காலம் உண்டு. அப்படிப்பட்ட குவியலில் ஓரிடத்தில் 5 பி.பி.எம். வரும், நான்கடி தள்ளி 80 வரும். சராசரி பார்த்தால் முப்பதுக்கு மேல். ஆனால் சராசரியை யாரும் சாப்பிடுவதில்லை. பொடி உப்பின் ஒரு துகள் சுமார் 60 மைக்ரோகிராம் எடை. 30 பி.பி.எம். கணக்குக்கு அதில் ஒட்டியிருக்க வேண்டிய அயோடின் 2 நானோகிராம். மைக்ரோகிராமுக்கும் கீழே இன்னொரு படி. டன்னில் தொடங்கிய வேலை அந்தப் படிவரை ஒழுங்காகப் பரவியிருக்கிறதா என்பதே கேள்வி. அதனால் பல மூட்டைகளிலிருந்து எடுத்து, கலந்து, நான்காகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்குகளை விலக்கி, மறுபடி கலந்து, மறுபடி பங்கிட்டு அந்தப் பத்து கிராமுக்கு வந்து சேர்வோம். அலுப்பான வேலைதான். குறுக்கு வழி இதில் கிடையாது.

இந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்டது இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கு. மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் 1956-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே ஆய்வு நடத்தினார்கள். பள்ளத்தாக்கை மூன்று வட்டாரமாகப் பிரித்து, அயோடின் சேர்த்த உப்பையும் சேர்க்காத உப்பையும் கொடுத்துப் பார்த்தபோது, சேர்த்த இடங்களில் கழலை நோய் வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 1992-இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்துக்குமான திட்டமாகப் பெயர் மாறியது. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்ற தடை 1998-இல் வந்து, 2000-இல் மத்திய அரசால் விலக்கப்பட்டு, 2006-இல் திரும்ப வந்தது. அந்த இடைக்கால ஆறு வருடங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மலைநாட்டுக்கு மட்டும்தான் இந்தக் குறை, கடலோரத்துக்கு இல்லை என்ற எண்ணம் அப்போது பலரிடம் இருந்தது. அது தப்பு.

இத்தனை பெரிய திட்டத்துக்கு வேண்டிய பொருள் எவ்வளவு என்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.2 கோடிப் பேர். தலைக்கு 150 மைக்ரோகிராம் என்றால் மாநிலம் முழுவதற்கும் ஒரு நாளைக்கு 10.8 கிலோ. ஒருவர் தோளில் தூக்கிப் போய்விடலாம். 140 கோடிப் பேருள்ள நாட்டுக்கு நாளொன்றுக்கு 210 கிலோ. வருடத்துக்கு 77 டன்னுக்குள், எங்கள் வாசலில் நிற்கும் லாரிகளில் எட்டு.

கடைசியாக, உப்புக்கு வெளியே ஒரு விஷயம். தைராய்டுக்காகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். அந்தத் தைராக்ஸின் மாத்திரை 25, 50, 100 என்று வருவது மைக்ரோகிராமில். பலர் “நூறு மில்லிகிராம் மாத்திரை” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நூறு மில்லிகிராம் என்றால் அதே மாத்திரையில் ஆயிரம்! கையால் எழுதும் மருந்துச் சீட்டில் மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்தைக் கிறுக்கினால் சின்ன எம் போலவே இருக்கும். சீட்டு எழுதுகிற மருத்துவர்களும் வார்டுகளில் மருந்து குறிக்கும் செவிலியர்களும் ‘மைக்ரோகிராம்’ என்று முழுச் சொல்லாகவே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உப்புப் பொட்டலத்தில் அயோடின் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; கல்லுப்பானாலும் பாருங்கள், அதிலும் அயோடின் கலந்தது கிடைக்கிறது. பிரித்ததும் மூடியுள்ள ஜாடியில் கொட்டி, அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் வேண்டியது 150 அல்ல, 250 மைக்ரோகிராம்.